மக்கை மீண்டும் நிறுவிய பிறகு ஒரே பெயரில் இரண்டு டேட்டா வொல்யூம்: எதை அழிப்பது?

எழுத்துக்கோர்ப்பு, வெள்ளவத்தை
திங்கள், இரவு 8.50

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2017ஆம் ஆண்டு மக்புக் எயர், 256 ஜீபி. அச்சுக்கு முந்திய வேலை செய்கிறேன்: கல்யாண அட்டை, கோயில் மலர், அந்தியேட்டிக்குக் கொடுக்கும் நினைவு மலர். பாதி வேலை இன்னும் பாமினி எழுத்துருவில்தான் வரும்.

போன மாதம் ஒரு நாள் காலையில் திறந்தபோது, அப்பிள் சின்னத்துக்குக் கீழே ஓடும் கோடு பாதியில் நின்றுவிட்டது. எத்தனை தரம் அணைத்துப் போட்டும் அதே இடம்தான். கிட்ட இருந்த ஒரு திருத்தும் கடையில் கொடுத்தேன். மூன்றாம் நாள், “டிஸ்க்கை அழித்துப் புதிதாக மொன்டரே இயங்குதளம் போட்டிருக்கிறோம், பழையது ஒன்றும் மிஞ்சவில்லை” என்று சொல்லித் திருப்பித் தந்தார்கள். என்னிடம் இருந்த பக்கப் ஒன்றரை வருடம் பழையது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பிறகு, இருந்ததை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன்.

இப்போது கேட்க வந்தது வேறு. மூன்று கிழமைதான் பாவித்திருக்கிறேன். போட்டது இன்டிசைன், போட்டோஷொப், கொஞ்சம் படங்கள். ஆனால் 256இல் 34 ஜீபிதான் காலி என்று காட்டுகிறது. டிஸ்க்கை நிர்வகிக்கும் டிஸ்க் யுட்டிலிட்டியைத் திறந்தால் ‘மக்கின்டொஷ் எச்டி - டேட்டா’ என்று ஒரே பெயரில் இரண்டு வொல்யூம், அதாவது டிஸ்க்குக்குள் இரண்டு தனிப் பகுதி, இருக்கின்றன. ஒன்றின் எண் 1இல் முடிகிறது, மற்றது 6இல். 6 என்பது பிறகு வந்த நகல் என்று நினைத்து அதை அழிக்கப் பார்த்தேன். விடமாட்டேன் என்கிறது. எப்படி அழிப்பது?

காலிமுகம்
திங்கள், இரவு 9.05

இது எல்லோருக்கும் வருகிற பிரச்சினைதான். ரிகவரிக்கு, அதாவது மக்கைத் திருத்தவும் திரும்ப நிறுவவும் உள்ள தனி நிலைக்கு, போங்கள். அணைத்துவிட்டு, போடும்போது கொமாண்ட், ஆர் இரண்டையும் அமத்திப் பிடித்தால் வரும். அங்கே டிஸ்க் யுட்டிலிட்டியில் எதை வேண்டுமென்றாலும் அழிக்க விடும். மனம் ஆறாவிட்டால் முழுவதையும் அழித்துத் திரும்பப் போடுங்கள். நல்ல இணைப்பு இருந்தால் ஒரு இரவு வேலை.

கொட்டாஞ்சேனை13
திங்கள், இரவு 9.12

அக்கா, தயவுசெய்து இப்போதைக்கு எதையும் அழிக்க வேண்டாம். ரிகவரிக்கும் போக வேண்டாம்.

நீங்கள் அழிக்கப் பார்த்த 6ஆம் எண்தான் இப்போது உங்கள் மக் ஓடிக்கொண்டிருக்கிற வொல்யூம் என்று நினைக்கிறேன். அதனால்தான் அது விடவில்லை. ரிகவரியில் போயிருந்தால் ஒரு கேள்வியோடு அழித்துத் தந்திருக்கும்.

இரண்டாவது, அதைவிடப் பெரிய விஷயம். ஒரு கணக்குப் பார்க்க வேண்டும். கட்டளை தட்டும் அப்பான டேர்மினலைத் திறந்து ‘டிஸ்க்யுட்டில் ஏபிஎஃப்எஸ் லிஸ்ட்’ என்று தட்டுங்கள். ஆங்கிலத்தில், எல்லாம் சின்ன எழுத்தில், மூன்று சொல், நடுவில் இடைவெளி. அது எதையும் மாற்றாது, பட்டியல் மட்டும் தரும். ஒவ்வொரு வொல்யூமுக்கும் பெயர், அடைப்புக்குறிக்குள் அதன் பங்கு, மவுன்ட் பொயின்ட் (அது எந்த போல்டரில் இணைந்திருக்கிறது என்பது), எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது, பைல்வோல்ட் என்ற பாஸ்வேர்ட் பூட்டு உண்டா இல்லையா என்று வரும். அதை அப்படியே இங்கே எழுதுங்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

எழுத்துக்கோர்ப்பு, வெள்ளவத்தை
திங்கள், இரவு 9.48

தம்பி, எழுதியிருக்கிறேன். நான் விளங்கிக்கொண்ட மாதிரி:

டிஸ்க்1எஸ்1, டேட்டா, 161.4 ஜீபி. மவுன்ட் பொயின்ட்: வொல்யூம்ஸ் என்ற போல்டருக்குள் ‘மக்கின்டொஷ் எச்டி - டேட்டா’.
டிஸ்க்1எஸ்5, சிஸ்டம், 15.3 ஜீபி.
டிஸ்க்1எஸ்6, டேட்டா, 38.2 ஜீபி. மவுன்ட் பொயின்ட்: சிஸ்டம், அதற்குள் வொல்யூம்ஸ், அதற்குள் டேட்டா.
பிறகு பிரீபூட், ரிகவரி, விஎம் என்று மூன்று. மூன்றும் சேர்த்து 2 ஜீபி.
மேலே, இவை எல்லாம் அடங்கிய கொன்டெய்னர் மொத்தம் 250.7 ஜீபி, காலி 33.8.

பைல்வோல்ட் எல்லாவற்றிலும் ‘நோ’ என்று இருக்கிறது.

இந்த 161 எங்கிருந்து வந்தது? நான் மூன்று கிழமையில் இவ்வளவு போடவில்லை.

கொட்டாஞ்சேனை13
திங்கள், இரவு 10.20

அக்கா, அந்த 161 ஜீபி உங்கள் பழைய டிஸ்க். உங்கள் பழைய பைல்கள் போகவில்லை. பெரும்பாலும் முழுவதும் அங்கேயே இருக்கின்றன.

ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளம், ஆனால் இது விளங்கினால் இனி ஒருநாளும் பிழை வராது.

2019 ஒக்டோபரில் மக் இயங்குதளத்தின் கட்டலினா பதிப்பு வந்தது. அதுவரை மக்கில் இயங்குதளமும் நம்முடைய பைல்களும் ஒரே வொல்யூமில் இருந்தன. கட்டலினா அதை இரண்டாகப் பிரித்தது. ‘மக்கின்டொஷ் எச்டி’ என்பதில் இயங்குதளம் மட்டும். அதை வாசிக்கலாம், எழுத முடியாது. நாம் போடும் எல்லாம், நம்முடைய யூசர் போல்டர், நாம் நிறுவும் அப், எழுத்துரு, எல்லாம் ‘மக்கின்டொஷ் எச்டி - டேட்டா’ என்பதில். இரண்டும் சேர்ந்து ஒரு வொல்யூம் குரூப். பைல்களைக் காட்டும் பைண்டரில் பார்த்தால் ஒரே டிஸ்க் போலத்தான் தெரியும், ஏனென்றால் உள்ளே ஃபேர்ம்லிங்க் என்ற இணைப்புகள் ஒன்றிலிருந்து மற்றதற்குச் சத்தமில்லாமல் கொண்டுபோய் விடும். 2020இல் வந்த பிக் சேர் சிஸ்டம் பக்கத்துக்கு முத்திரையும் வைத்துவிட்டது. டேட்டா பக்கம் அப்படியே இருந்தது.

இனி கடையில் நடந்தது. ரிகவரியில் போயிருப்பார்கள். ‘மக்கின்டொஷ் எச்டி’ மேல் வைத்து இரேஸ் என்று அழுத்தியிருப்பார்கள். அப்போது இரண்டு வழி காட்டும்: அந்த வொல்யூமை மட்டும் அழிக்கவா, குரூப்பையே அழிக்கவா என்று. வொல்யூமை மட்டும் அழித்திருக்கிறார்கள். இயங்குதளம் போயிற்று. டேட்டா துணை இழந்து தனியே நின்றது. பிறகு மொன்டரேயை நிறுவியபோது, புதிய சிஸ்டத்துக்குச் சோடியாக ஒரு டேட்டா வேண்டும். நிறுவி பழையதை எடுத்துக்கொள்ளாது, புதிதாக ஒன்றை உண்டாக்கி அதே பெயரை வைக்கும். பழையது 1, புதியது 6. அவ்வளவுதான்.

இடம் எங்கே போனது என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஏபிஎஃப்எஸ் என்பது மக் டிஸ்க்கில் பைல்களை வைக்கும் முறை. அதில் ஒவ்வொரு வொல்யூமுக்கும் தனி எல்லை இல்லை. வெள்ளவத்தையில் மாடிவீட்டுக்காரர் எல்லோருக்கும் மொட்டைமாடியில் ஒரே தண்ணீர்த் தாங்கி இருக்குமே, அப்படி. எந்த வீட்டுக் குழாயைத் திறந்தாலும் அதே தாங்கியின் தண்ணீர்தான். அதனால் எல்லா வொல்யூமும் ‘காலி 33.8’ என்றே காட்டும். கூட்டிப் பாருங்கள்: 161.4, 38.2, 15.3, 2. வருவது 216.9. 250.7இல் கழித்தால் சரியாக 33.8.

எது உயிரோடு இருப்பது என்று பார்க்க எண்ணை நம்பாதீர்கள், பெயரையும் நம்பாதீர்கள். மவுன்ட் பொயின்டைப் பாருங்கள். ‘சிஸ்டம், வொல்யூம்ஸ், டேட்டா’ என்று எது இருக்கிறதோ அதில்தான் இப்போது நீங்கள் இருக்கிறீர்கள். வெறும் ‘வொல்யூம்ஸ்’ கீழே இருப்பது வெளியாள். இன்னொரு அடையாளம்: ஓடிக்கொண்டிருக்கும் டேட்டா வொல்யூம் பைண்டரில் தனியாக வராது. பக்கப்பட்டியில் ‘மக்கின்டொஷ் எச்டி - டேட்டா’ என்று ஒரு படம் தெரிந்தால் அது பழையதுதான்.

இப்போது பைண்டரில் அதைத் திறந்து, யூசர்ஸ் போல்டருக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

மருதானை நானா
திங்கள், இரவு 10.41

தம்பி சொன்னது முழுவதும் சரி. நான் 18 வருடமாக இந்தத் திருத்து வேலைதான் செய்கிறேன். தொழில் செய்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். டிஸ்க் யுட்டிலிட்டியைத் திறந்தவுடன் முதல் வேலை, வியூ மெனுவில் ‘ஷோ ஓல் டிவைசஸ்’ என்பதை அழுத்துவது. அது அழுத்தாமல் இருந்தால் வொல்யூம்கள் மட்டும் தெரியும், அவை எந்தக் கொன்டெய்னரில், எந்த டிஸ்க்கில் இருக்கின்றன என்று தெரியாது. தாயும் பிள்ளையும் எது என்று தெரியாமல் அழிக்கப் போகிறவர்களால்தான் இந்த இரட்டை வொல்யூம்கள் உண்டாகின்றன.

கட்டலினாவில் குரூப்பை ஒரேயடியாக அழிக்கும் பொத்தான் இருக்கவில்லை. டேட்டாவை முதலில் டிலீட் செய்ய வேண்டும், பிறகு மக்கின்டொஷ் எச்டியை இரேஸ் செய்ய வேண்டும். இரண்டு படி. பழைய பழக்கத்தில் இரண்டாவதை மட்டும் செய்கிறவர்கள் நிறைய. ஆனால் ‘ஒன்றும் மிஞ்சவில்லை’ என்று வாடிக்கையாளரிடம் சொல்வதற்கு முன் ஒருதரம் பட்டியலைப் பார்த்திருக்க வேண்டும். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஒரு மனுஷியின் ஒன்றரை வருட உழைப்பு அதில் இருக்கிறது. எனக்குக் கோபமாக இருக்கிறது.

எழுத்துக்கோர்ப்பு, வெள்ளவத்தை
திங்கள், இரவு 11.15

இருக்கிறது.

யூசர்ஸுக்குள் என் பழைய பெயரில் போல்டர். அதற்குள் டெஸ்க்டொப். அதற்குள் நான் கடைசியாக வேலை செய்த கோயில் மலரின் போல்டர், அன்று இரவு நான் விட்ட திகதியோடு. 112 பக்கத்தில் 64 வரை முடித்திருந்தேன். அந்த 64ஐயும் திரும்ப உட்கார்ந்து அடிக்கத் தொடங்கி, நேற்றுத்தான் 20ஐத் தாண்டினேன்.

அம்மாவின் நினைவு மலருக்கு நான் ஸ்கான் செய்த படங்களும் இருக்கின்றன. மூலப்படங்களைச் சொந்தக்காரர்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவற்றில் இரண்டு இப்போது யாரிடமும் இல்லை.

கை நடுங்குகிறது, நாளைக்கு எழுதுகிறேன். தம்பிக்கும் நானாவுக்கும் நன்றி.

ஒன்று மட்டும் கேட்கிறேன். சிவப்புத் தடை வட்டம் போட்டுப் போல்டர்கள் பூட்டியிருக்கும் என்று எங்கோ வாசித்தேன். எனக்கு எல்லாம் திறக்கிறது. அது ஏன்?

கொட்டாஞ்சேனை13
செவ்வாய், காலை 6.35

வாசித்ததும் எனக்கே மனம் நிறைந்துவிட்டது அக்கா.

ஏன் திறக்கிறது என்றால்: மக்கில் முதலில் உண்டாக்கும் கணக்குக்கு 501 என்ற எண் கொடுக்கப்படும். பெயர் என்னவாக இருந்தாலும் உரிமை அந்த எண்ணைப் பார்த்துத்தான். பழைய மக்கில் நீங்கள் 501. புதிதாக நிறுவிய பிறகும் முதல் கணக்கு உங்களுடையது, ஆகவே மறுபடியும் 501. பழைய போல்டர்கள் உங்களைத் தெரிந்துகொள்கின்றன. கடைக்காரர் முதலில் தங்களுக்கு ஒரு கணக்கு வைத்து, பிறகு உங்களுக்கு இரண்டாவது கணக்கு வைத்திருந்தால் நீங்கள் 502. அப்போது சிவப்பு வட்டம் வந்திருக்கும். அப்படி வந்தாலும் ‘கெட் இன்ஃபோ’வில் கீழே பூட்டைத் திறந்து உங்கள் பெயரைச் சேர்த்தால் சரியாகிவிடும்.

இனிக் கொப்பி எடுக்கும் வேலை. அதே டிஸ்க்குக்குள் ஒரு வொல்யூமிலிருந்து மற்றதற்கு எடுக்காதீர்கள், 34 ஜீபிதான் இடம் இருக்கிறது. வெளி டிஸ்க் ஒன்று வேண்டும். பழைய பென் டிரைவ் வேண்டாம். அது ஃபட்32இல் இருந்தால் 4 ஜீபிக்கு மேல் ஒரு பைலை ஏற்காது, உங்கள் போட்டோஷொப் பைல்கள் சில அதைத் தாண்டும். புதிய டிஸ்க்கை மக்கிலேயே ஏபிஎஃப்எஸ் அல்லது மக் ஓஎஸ் எக்ஸ்டென்டட் என்று இரேஸ் செய்யுங்கள். அச்சகத்தில் விண்டோஸ் இருக்கிறது, அங்கேயும் திறக்க வேண்டும் என்றால் எக்ஸ்ஃபட். ஆனால் போட்டோஸ் லைப்ரரி இருந்தால் அதற்கு எக்ஸ்ஃபட் வேண்டாம்.

எழுத்துருவை மறந்துவிடாதீர்கள். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். டெஸ்க்டொப், டொகியுமென்ட்ஸ் மட்டும் எடுத்துவிட்டு ‘எல்லாம் வந்துவிட்டது’ என்று நினைப்பார்கள். பாமினி உங்கள் யூசர் போல்டருக்குள் லைப்ரரி, அதற்குள் ஃபொன்ட்ஸ் என்பதில் இருக்கும். லைப்ரரி மறைந்திருக்கும். கொமாண்ட், ஷிஃப்ட், முற்றுப்புள்ளி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் தெரியும். பாமினி யூனிகோட் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். எழுத்துரு இல்லாமல் அந்த மலரைத் திறந்தால், ‘அம்மா’ என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் நிற்கும்.

யூசர் போல்டரை முழுவதுமாக எடுப்பதுதான் என் அபிப்பிராயம். எது தேவை, எது தேவையில்லை என்று பிறகு ஆறுதலாகப் பிரிக்கலாம்.

காலிமுகம்
செவ்வாய், காலை 9.10

நேற்று அவசரப்பட்டு எழுதிவிட்டேன். அக்கா என்னை மன்னிக்க வேண்டும். பட்டியலைக் கேட்காமல் அழிக்கச் சொல்லியிருக்கக் கூடாது.

ஆனால் அழிக்கும் கட்டத்தில் ரிகவரிதான் நல்லது என்று இப்போதும் நினைக்கிறேன். அங்கே எந்த வொல்யூமும் பாவனையில் இருக்காது. ஓடிக்கொண்டிருக்கும்போது அழித்தால், மக்கின் தேடலான ஸ்பொட்லைட் அந்த வொல்யூமைத் துழாவிக்கொண்டிருக்கும், ஏதாவது ஒரு பைல் திறந்திருக்கும், ‘அன்மவுன்ட் செய்ய முடியவில்லை’, அதாவது இணைப்பைக் கழற்ற முடியவில்லை, என்று நிற்கும். நான் பல தரம் கண்டிருக்கிறேன்.

கொட்டாஞ்சேனை13
செவ்வாய், காலை 9.45

நீங்கள் சொல்வது நடக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்த மறுப்புத்தான் எனக்கு வேண்டியது.

மக் ஓடிக்கொண்டிருக்கும்போது அது தான் நிற்கும் வொல்யூமை அழிக்க விடாது. அக்கா 6ஐ அழிக்கப் பார்த்தபோது அவரைக் காப்பாற்றியது அதுதான். ரிகவரியில் அந்தக் காவல் இல்லை. 1உம் 6உம் அங்கே ஒரே மாதிரி. பெயரும் ஒன்று. அதோடு டிஸ்க் எண்கள் ஒவ்வொரு தடவை போடும்போதும் மாறலாம். இங்கே டிஸ்க்1 என்று எழுதிவைத்தது ரிகவரியில் டிஸ்க்2 ஆக வரலாம். இரவில், பதற்றத்தில், கடதாசியில் எழுதியதைப் பார்த்து அழிக்கிற ஒருவருக்கு அது போதும்.

எஸ்எஸ்டியில் அழித்த வொல்யூமைத் திருப்பி எடுக்கலாம் என்று யாரும் நம்ப வேண்டாம். அழித்த இடத்தைத் துடைத்துவிடும் டிரிம் ஓடியதும் பெரும்பாலும் முடிந்தது கதை. ஆகவே சாதாரணமாகத் திறந்த மக்கிலேயே அழியுங்கள். அன்மவுன்ட் ஆகவில்லை என்றால் எல்லா அப்பையும் மூடி, ஒருதரம் அணைத்துப் போட்டு, மறுபடி முயலுங்கள்.

மருதானை நானா
செவ்வாய், பகல் 12.20

நான் தம்பியின் பக்கம். ரிகவரியில்தான் செய்ய வேண்டிய நிலை வந்தால், அதற்கு முன் சாதாரணமாகத் திறந்து பழைய வொல்யூமின் பெயரை ‘பழையது’ என்று மாற்றிவிட்டுப் போங்கள். கடையில் நான் எப்போதும் அப்படித்தான். பெயரை மாற்றுவதால் உள்ளே இருப்பதற்கு ஒன்றும் ஆகாது.

தெஹிவளை மாணவன்
செவ்வாய், மாலை 4.30

இதே கரைச்சல் எனக்கும், ஆனால் அப்பிளின் எம்1 சிப் உள்ள எயர். பழைய டேட்டா மங்கலாகத் தெரிகிறது, பூட்டியிருக்கிறது. மவுன்ட் என்று அழுத்தினால் பாஸ்வேர்ட் கேட்கிறது. புதிய பாஸ்வேர்ட் போட்டால் ஏற்கவில்லை. அண்ணா, வழி இருக்கிறதா?

கொட்டாஞ்சேனை13
செவ்வாய், மாலை 5.05

தம்பி, அது பைல்வோல்ட். புதிய பாஸ்வேர்டுக்கும் பழைய வொல்யூமுக்கும் சம்பந்தம் இல்லை. மீண்டும் நிறுவுவதற்கு முன் நீங்கள் பாவித்த பாஸ்வேர்டைப் போடுங்கள். அது மறந்துவிட்டால், பைல்வோல்ட் போட்ட அன்று தந்த நீளமான ரிகவரி கீ எங்காவது எழுதிவைத்திருக்கிறதா என்று தேடுங்கள். பழைய கொப்பி, போனில் எடுத்த படம், எல்லாம் பாருங்கள். இரண்டும் இல்லை என்றால் திறக்க முடியாது. காசு தந்தால் திறந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள்.

உங்கள் மக்கில் ரிகவரிக்கு கொமாண்ட் ஆர் வேலை செய்யாது. பவர் பொத்தானை அமத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இனி ஒருநாள் மக்கை விற்பதென்றாலும் டிஸ்க் யுட்டிலிட்டி பக்கம் போகத் தேவையில்லை. மொன்டரேயிலிருந்து, எம்1 போன்ற மக்குகளிலும் டி2 சிப் உள்ளவற்றிலும், ‘இரேஸ் ஓல் கொன்டென்ட் அண்ட் செட்டிங்ஸ்’ என்று ஒன்று இருக்கிறது. போனை அழிப்பது போல முடிந்துவிடும், இரட்டை வொல்யூம் வராது.

பஸ் நிலையம்
செவ்வாய், இரவு 7.15

எனக்கு இரண்டு இல்லை, ஒன்றுதான். ஆனால் பெயர் ‘மக்கின்டொஷ் எச்டி - டேட்டா - டேட்டா’ என்று இருக்கிறது. இதையும் அழிக்க வேண்டுமா?

கொட்டாஞ்சேனை13
செவ்வாய், இரவு 7.30

வேண்டாம்! அதுதான் உங்கள் உயிருள்ள வொல்யூம். நிறுவும்போது ‘மக்கின்டொஷ் எச்டி - டேட்டா’ என்ற பெயருள்ள வொல்யூமைத் தெரிவு செய்திருப்பீர்கள். நிறுவி அதைச் சிஸ்டமாக எடுத்துக்கொண்டு, சோடிக்கு உண்டாக்கிய டேட்டாவுக்கு வழக்கம்போலப் பின்னால் ‘டேட்டா’ என்று ஒட்டிவிட்டது. பெயர்தான் நீளம், நோய் ஒன்றும் இல்லை. பார்க்க உறுத்தினால் டிஸ்க் யுட்டிலிட்டியில் இரண்டின் பெயரையும் மாற்றிவிடுங்கள். மாற்ற முன் பட்டியலில் வேறு டேட்டா இல்லை என்று உறுதிப்படுத்துங்கள்.

வத்தளைப் பையன்
செவ்வாய், இரவு 8.40

விண்டோஸ்காரருக்கும் இடம் உண்டா? திரும்பப் போட்ட பிறகு, திறக்கும்போதே ‘விண்டோஸ் 10’ என்று இரண்டு வரி வந்து எதுவென்று கேட்கிறது.

மருதானை நானா
செவ்வாய், இரவு 9.00

முதலில் இரண்டாவது வரி உண்மையில் திறக்கிறதா என்று பாருங்கள். திறக்காவிட்டால் அது வெறும் பதிவு மட்டும். ரன்னில் ‘எம்எஸ்கொன்ஃபிக்’ என்று தட்டி, பூட் பக்கத்துக்குப் போங்கள். ‘கரண்ட்’ என்று எழுதியிருப்பதை விட்டுவிட்டு மற்றதை டிலீட் செய்யுங்கள். திறந்தால், வேறு பார்ட்டிஷனில் பழைய விண்டோஸ் முழுவதாக இருக்கிறது. பைல்களை எடுத்த பிறகுதான் தொட வேண்டும். அழிக்காமல் மேலேயே போட்டிருந்தால் சி டிரைவில் ‘விண்டோஸ்.ஓல்ட்’ என்ற போல்டரையும் பாருங்கள். அதை விண்டோஸ் 10 நாளில் தானாக அழித்துவிடும், ஆகவே கெதியாக. மேலும் கேட்க இருந்தால் தனி இழையாகப் போடுங்கள், இது அக்காவின் இடம்.

எழுத்துக்கோர்ப்பு, வெள்ளவத்தை
வியாழன், காலை 10.30

செவ்வாய்க்கிழமை பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போய் 1 டீபி வெளி டிஸ்க் ஒன்று வாங்கினேன். ஏபிஎஃப்எஸ்ஸில் இரேஸ் செய்தேன். இரவு 8 மணிக்கு யூசர் போல்டரை இழுத்துப் போட்டுவிட்டு, லப்டொப்பை சார்ஜரில் கொழுவி, நித்திரைக்குப் போகாமல் இருக்கச் செய்தேன். முதல் 40 ஜீபி வேகமாகப் போனது. பிறகு சின்னச் சின்னப் பைல்கள் வந்த இடத்தில் நத்தை மாதிரி. விடிய 3 மணிக்கு எழும்பிப் பார்த்தபோது முடிந்திருந்தது.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. தம்பி சொல்லாத ஒன்றையும் செய்தேன். பழைய போல்டருக்கும் புதிய கொப்பிக்கும் ‘கெட் இன்ஃபோ’ போட்டு, எத்தனை உருப்படி என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். டொகியுமென்ட்ஸில் எண் ஒத்துவந்தது. டெஸ்க்டொப்பிலும் ஒத்துவந்தது. அதோடு விடாமல் ஒவ்வொரு வேலைப் போல்டரிலும் ஒரு பைலை வெளி டிஸ்க்கிலிருந்தே திறந்தேன். 2018இல் செய்த ஒரு பூப்புனித நீராட்டு அட்டைகூடத் திறந்தது.

மலரைத் திறந்தபோது தம்பி சொன்ன அதே காட்சி. பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும், இடையிடையே ரோசா நிறப் பட்டை. மூச்சு நின்றுபோனது. பிறகு நினைவு வந்து, பழைய லைப்ரரியிலிருந்து 43 எழுத்துருவையும் புதிய ஃபொன்ட்ஸ் போல்டருக்குள் போட்டேன். இன்டிசைனை மூடித் திறந்தேன். ஆதீன முதல்வரின் ஆசிச்செய்தி வரிவரியாகத் தமிழாக நின்றது.

இன்னும் அழிக்கவில்லை. ஒரு கொப்பி மட்டும் வைத்துக்கொண்டு அழிக்க மனம் வரவில்லை. தம்பியின் டிஸ்க் ஒன்றை, என் சொந்தத் தம்பியைச் சொல்கிறேன், இரவல் கேட்டிருக்கிறேன். இரண்டாவது கொப்பி அதில். அது அவன் வீட்டிலேயே இருக்கட்டும்.

கொட்டாஞ்சேனை13
வியாழன், பகல் 1.10

உருப்படி எண்ணிக்கையை ஒத்துப்பார்த்தது மிக நல்ல வேலை அக்கா. நான் சொல்ல மறந்தது அது. இனி நானும் எல்லோருக்கும் அதைச் சொல்லப் போகிறேன்.

அழிக்கும் நாளில்: முதலில் நானா சொன்னபடி பெயரை மாற்றுங்கள். பிறகு பட்டியலை மறுபடி எடுத்து, மவுன்ட் பொயின்டை மறுபடி பாருங்கள். டிஸ்க் யுட்டிலிட்டியில் பழையதன் மேல் வைத்து மேலே உள்ள கழித்தல் குறியை அழுத்துங்கள். கேட்கிற கேள்வியில் குரூப் என்ற சொல் வந்தால் நிறுத்திவிட்டு இங்கே எழுதுங்கள். உங்கள் பழையது தனியாள், அதற்குக் குரூப் கேள்வி வரக் கூடாது. இரேஸ் அல்ல, டிலீட். இரேஸ் செய்தால் வெறும் வொல்யூமாக அங்கேயே நிற்கும்.

எழுத்துக்கோர்ப்பு, வெள்ளவத்தை
அடுத்த செவ்வாய், இரவு 9.20

அழித்துவிட்டேன்.

இரண்டாவது கொப்பி ஞாயிறு முடிந்தது. இன்று பின்னேரம் பெயரை ‘பழையது’ என்று மாற்றி, பட்டியல் எடுத்து, எண்ணை மகளிடம் ஒருதரம் வாசிக்கச் சொல்லி, பிறகு கழித்தல் குறி. முதல்தரம் அன்மவுன்ட் ஆகவில்லை, காலிமுகம் சொன்னது நடந்தது. பின்னால் இன்டிசைன் திறந்திருந்தது, அதில் பழைய வொல்யூமில் உள்ள ஒரு படம் இணைப்பில் இருந்தது. மூடிவிட்டு, அணைத்துப் போட்டு, மறுபடி அழுத்தினேன். குரூப் கேள்வி வரவில்லை. பத்து விநாடிகூட ஆகவில்லை. இப்போது டேட்டா ஒன்றுதான் இருக்கிறது.

தேவையான வேலைப் போல்டர்களை மட்டும் மக்குக்குள் எடுத்த பிறகும் 171 ஜீபி காலி.

மலர் இப்போது 88ஆம் பக்கத்தில் நிற்கிறது. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். தெஹிவளைத் தம்பி, உங்கள் பழைய பாஸ்வேர்ட் கிடைத்ததா?

தெஹிவளை மாணவன்
அடுத்த செவ்வாய், இரவு 9.55

கிடைத்தது அக்கா. பல்கலைக்கழக நோட்டுக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ரிகவரி கீயை எழுதியிருக்கிறேன். இப்போது கொப்பி ஓடிக்கொண்டிருக்கிறது, 22 ஜீபி முடிந்திருக்கிறது.